இரட்டைப் பகா எண் வேட்டை: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

கோத்தகிரி, குன்னூர், மஞ்சூர், ஊட்டி என்று நாலு பக்கமும் சிதறிக் கிடக்கும் இருபது, இருபத்தைந்து பேரின் கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு ஒரு பெரிய இரட்டைப் பகா எண் ஜோடியைத் தேடிக்கொண்டிருக்கிறோம். கணக்கு வழக்கு என் பொறுப்பு. அதனால் சந்தேகமும் என்னிடமேதான் வருகிறது: போனில், பஸ் ஸ்டாண்டில், ஒரு முறை கல்யாணப் பந்தியில் பாயசம் ஊற்றும்போது. ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எனக்கும் தொண்டை மிச்சம். கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

இரட்டைப் பகா எண்ணுன்னா என்ன, முதல்ல அதைச் சொல்லுங்க.

1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியில்லாமல் வகுபடும் எண் பகா எண். இது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். இரண்டு பகா எண்களுக்கு நடுவே வித்தியாசம் சரியாக 2 என்றால் அவை இரட்டை: 11-ம் 13-ம், 17-ம் 19-ம், 101-ம் 103-ம்.

இந்த ஜோடிகளின் நடுவில் நிற்கும் எண்ணைப் பாருங்கள்: 12, 18, 102. எல்லாம் 6-இன் மடங்கு. 3, 5 என்ற முதல் ஜோடியைத் தவிர வேறு எதற்கும் இது மாறாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

இது முடிவே இல்லாம போகுமா? நாம ஒண்ணு கண்டுபிடிச்சா அது நிரூபணம் ஆயிடுமா?

பகா எண்களுக்கு முடிவில்லை என்பதை யூக்ளிட் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே நிரூபித்துவிட்டார். இரட்டைகளுக்கு முடிவு உண்டா இல்லையா என்று இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. 2013-இல் யிடாங் ஜாங் என்பவர், 7 கோடிக்குள் வித்தியாசம் உள்ள பகா ஜோடிகள் முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் என்று காட்டினார். ஜேம்ஸ் மேனார்ட் அதை 600-க்கு இறக்கினார். அப்புறம் பலர் சேர்ந்து 246-க்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து 2-க்கு வர வழி தெரியவில்லை.

நாம் ஒரு ஜோடியைக் கண்டுபிடித்தால் கையில் ஒரு ஜோடி இருக்கும், அவ்வளவுதான். நிரூபணம் வேறு வேலை.

பிட்காயின் மாதிரியா சார்? காசு ஏதாவது வருமா?

வராது. ஒரு கோடி இலக்கப் பகா எண் மாதிரியான மைல்கற்களுக்கு வெளிநாட்டில் பரிசு கொடுத்திருக்கிறார்கள். அதெல்லாம் ஒற்றைப் பகா எண்ணுக்கு. நம்முடையதற்கு ஒரு டீ கூட நிச்சயமில்லை.

இதோடு சேர்ந்தே வரும் இன்னொரு பயம், ‘பேங்க் பாஸ்வேர்டை உடைக்கிறதுக்கா?’ என்பது. இல்லை. ரகசியக் குறியீட்டில் பயன்படும் பகா எண்கள் சில நூறு இலக்கம் உள்ளவை. அவை யாருக்கும் தெரியாமல் இருப்பதில்தான் பாதுகாப்பே இருக்கிறது. நாம் தேடுவது, கிடைத்தால் ஊருக்கே சொல்லப்போகும் எண்.

எவ்வளவு பெரிய எண்ணு? உலக சாதனையா?

நாங்கள் தேடும் வடிவம் இது: பெருக்கி × 2^1,50,000 ± 1. அதாவது 1,50,000 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, அதை முன்னால் நிற்கும் பெருக்கியாலும் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் ஒரு எண், ஒன்றைக் கூட்டினால் அதன் ஜோடி. அடுக்கு 1,50,000 மாறாது, முன்னால் நிற்கும் பெருக்கி மட்டும் மாறும். ஒவ்வொரு எண்ணிலும் சுமார் 45,160 இலக்கம். பொடி எழுத்தில் அச்சடித்தால் பதினைந்து பக்கம் வரும்.

சாதனை இல்லை, இதைப் பட்டென்று சொல்லிவிடுகிறேன். 2007-லேயே 2003663613 × 2^1,95,000 ± 1 என்ற 58,711 இலக்க ஜோடி கிடைத்துவிட்டது. ட்வின் பிரைம் சர்ச், பிரைம்கிரிட் என்ற இரண்டு தன்னார்வத் திட்டங்கள் கைகோத்துப் பிடித்தது அது. 2009-இல் ஒரு லட்சம் இலக்கத்தைத் தாண்டினார்கள், 2011-இல் இரண்டு லட்சத்தை. 2016 செப்டம்பரில் பிரைம்கிரிட்டில் கிடைத்த 2996863034895 × 2^12,90,000 ± 1 என்ற ஜோடிக்கு 3,88,342 இலக்கம்.

அப்ப நேரா அந்தப் பெரிய திட்டத்திலேயே சேர்ந்துடலாமே? நீங்க எதுக்கு?

சேருங்கள். சாதனைதான் வேண்டும் என்றால் அதுதான் வழி. இலக்கம் இரண்டு மடங்கானால் ஒரு எண்ணைச் சோதிக்கும் நேரம் நாலு மடங்குக்குக் கொஞ்சம் மேலே போகிறது. இரட்டை கிடைக்கும் வாய்ப்பு நாலில் ஒன்றாகக் குறைகிறது. ஆக மொத்தம் உழைப்பு பதினாறு மடங்கு. 3,88,342 இலக்கத்தை எட்ட, எங்கள் தேடலைப்போல ஐயாயிரம் மடங்குக்கு மேல் வேலை. இருபது மெஷினை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது.

பெரிய திட்டத்தில் சேர்ந்தால் போயிங்க் என்ற மென்பொருளை ஏற்றிவிட்டு மறந்துவிடலாம். வேலை தானாக வரும், தானாகப் போகும். இங்கே சல்லடை போடுவதிலிருந்து பங்கு பிரிப்பது, சரிபார்ப்பது, சண்டை தீர்ப்பதுவரை நாமே செய்கிறோம். எனக்கு அதில்தான் ருசி. எல்லோருக்கும் அப்படி இருக்க வேண்டியதில்லை.

ஏன் இந்த வடிவத்தையே பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க? வேற எண்ணே இல்லையா?

45,000 இலக்கத்தில் ஒரு எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, ‘பகா எண்தான்’ என்று சந்தேகமில்லாமல் நிரூபிப்பது பெரும்பாடு. பக்கத்து எண்ணின் காரணிகள் கையில் இருந்தால் அதே வேலை சுலபமாகிவிடும். நம் வடிவத்தில் நடு எண் முழுக்க 2-ஆல் ஆனது, முன்னால் ஒரு சின்னப் பெருக்கி. ‘கூட்டல் ஒன்று’ பக்கத்துக்கு 1878-இல் பிரான்சுவா ப்ராத் கொடுத்த தேற்றம் இருக்கிறது. அவர் பிரான்சில் விவசாயம் பார்த்துக்கொண்டே தானாகக் கணக்குப் படித்த மனிதர், முப்பது வயதைக் கூடப் பார்க்கவில்லை. ‘கழித்தல் ஒன்று’ பக்கத்துக்கு லூக்காஸ், லேமர் என்ற இரண்டு கணிதர்களின் முறையை ஹான்ஸ் ரீசல் 1969-இல் விரித்துக் கொடுத்தார். எல்எல்ஆர் என்ற இலவச மென்பொருள் இரண்டையும் செய்கிறது.

அடுக்கை மாற்றாமல் வைப்பதற்குக் காரணம் சல்லடை. அடுத்த கேள்வியே அதுதான்.

சல்லடை, சல்லடைங்கிறீங்களே, அது என்ன?

தேயிலை ஃபேக்டரிக்குள் போனவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். காய்ந்த தூள் ஒன்றன் கீழ் ஒன்றாக வலைகளில் ஆடி ஆடி இறங்கும். இங்கே தூளுக்குப் பதில் பெருக்கிகள்: ஜோடியில் ஒன்று ஏதாவது சின்னப் பகா எண்ணால் வகுபட்டுவிடும் என்றால் அந்தப் பெருக்கியைச் சோதிக்காமலே கழித்துவிடுவோம். நாங்கள் முதலில் எடுத்துக்கொண்டது 820 கோடி வரையுள்ள பெருக்கிகள். ஒற்றைப்படையாக இருக்க வேண்டும், 3-இன் மடங்காகவும் இருக்க வேண்டும். முதல் பதிலில் சொன்ன 6-இன் மடங்கு விஷயம் இங்கேதான் வேலை செய்கிறது: 3-ஆல் வகுபடாத பெருக்கியைப் போட்டால் ஜோடியில் ஒன்று கட்டாயம் 3-ஆல் வகுபட்டுவிடும். இப்படியே மிஞ்சியது சுமார் 136 கோடி.

அப்புறம் 7. 2^1,50,000-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே 7-ஆல் வகுத்து மீதி 1 வரும் பெருக்கிகளில் கழித்தல் பக்கம் அடிபடும், மீதி 6 வரும் பெருக்கிகளில் கூட்டல் பக்கம் அடிபடும். ஒரு பக்கம் போனாலும் ஜோடி போச்சு. எந்த எண்ணையும் முழுதாக எழுதிப் பார்க்கவே இல்லை. மீதியை ஒரே ஒரு முறை கண்டுபிடித்துவிட்டு, ஏழு ஏழாகத் தாவித் தாவி அடித்துக்கொண்டே போகலாம். அடுக்கு எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதால்தான் இந்தத் தாவல் நடக்கிறது. இப்படியே 5, 11, 13 என்று பத்து லட்சம் கோடி வரையுள்ள பகா எண்களால் சலித்தால் 136 கோடி, 38 லட்சமாக இளைத்துவிடும்.

எப்போது நிறுத்துவது? ஒரு பெருக்கியைச் சலித்துத் தள்ள ஆகும் நேரம், அதை நேராகச் சோதிக்கும் நேரத்தைத் தாண்டும்போது. அதற்கு மேல் சலிப்பது ஆசை.

சரி, என் பங்கு எவ்வளவு? எத்தனை நாள் ஆகும்?

ஒரு பங்கில் 10,000 பெருக்கிகள். மொத்தம் 380 பங்கு. எங்கள் பழைய மெஷின்களில் ஒரு சோதனைக்குப் பத்திலிருந்து இருபது வினாடி. பதினைந்து என்று வைத்தால் ஒரு பங்குக்கு நாற்பத்திரண்டு மணி நேரம். ராத்திரி எட்டு மணி நேரம் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு ஐந்து, ஆறு ராத்திரி. எல்லாவற்றையும் ஒரே ஒரு ப்ராசஸர் கோரில் போட்டிருந்தால் 660 நாள் ஆகியிருக்கும்.

கரன்ட் பில் யார் கட்டறது?

நீங்கள்தான். அதனால் தெரிந்து சேருங்கள். சும்மா இருக்கும் மெஷினைவிட முழு வேகத்தில் ஓடும் மெஷின் 60 வாட் கூடுதலாக இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ராப்பகலாக இரண்டு மாதம் ஓட்டினால் 86 யூனிட். ராத்திரி மட்டும் என்றால் 29.

பில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டை ஒட்டி வரும் வீடுகள் கவனம். 500-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, அதற்கு முந்தைய சில யூனிட்டுக்கும் சேர்த்து விலை ஏறும். ஹீட்டர் ஓடும் டிசம்பர், ஜனவரியில் இது சட்டென்று நடக்கும். அந்த மாதங்களில் நிறுத்திக்கொண்டால் நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

எங்க ஊர்ல சிக்னலே வராது, மழைன்னா கரன்ட்டும் போயிடும். நான் எப்படிச் சேர்றது?

பங்கு என்பது சாதாரண எழுத்துக் கோப்பு, ஒரு போட்டோ அளவு கூட இருக்காது. மஞ்சூர் பக்கத்து நண்பர் பென் டிரைவை பஸ்ஸில் தெரிந்தவர் கையில் கொடுத்தனுப்புகிறார், அதே வழியில் அடுத்த பங்கு போகிறது. இந்த வேலையில் நெட் ஒரு பொருட்டே இல்லை.

கரன்ட் போவது பற்றி என்ன சொல்ல? பைக்காரா, குந்தா நீர்மின் நிலையங்கள் இந்த மலையிலேயே இருந்துகொண்டு இந்த மலையிலேயே இருட்டு. ஆனால் தேடலுக்கு நஷ்டம் அதிகபட்சம் ஒரு சோதனை, அதாவது பதினைந்து வினாடி. மறுபடி போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரே ஒரு எச்சரிக்கை: முடிவுக் கோப்பில் கடைசி வரி பாதியில் அறுந்து நிற்கலாம். அதை நீங்கள் ‘சரிசெய்ய’ வேண்டாம். அப்படியே அனுப்புங்கள், அறுந்த வரி எது என்று எனக்குத் தெரியும்.

சார், கிடைச்சிடுச்சு! ‘பகா எண்’ணுன்னு ஸ்க்ரீன்ல வந்திருக்கு!

வாழ்த்துகள், பாதி கிணறு தாண்டியிருக்கிறீர்கள். நாங்கள் முதலில் கழித்தல் பக்கத்தை மட்டும் சோதிக்கிறோம். அது பகா எண் என்று தெரிந்தால்தான் கூட்டல் பக்கத்தைத் தொடுகிறோம். சல்லடைக்குப் பிறகு, கழித்தல் பக்கம் பகா எண்ணாக இருக்க வாய்ப்பு ஏறக்குறைய 1,950-இல் ஒன்று. ஆகவே ஒரு பங்கில் சராசரியாக ஐந்து ‘ஒற்றை’ வரும். அவற்றில் ஒன்றின் கூட்டல் பக்கமும் பகா எண்ணாக இருக்க மறுபடி 1,950-இல் ஒன்று. இரண்டையும் பெருக்கினால் அந்த 38 லட்சம் வந்துவிடுகிறது.

ஒற்றைகளைக் கேவலமாக நினைக்காதீர்கள். 45,000 இலக்கத்தில் ஒரு பகா எண்ணை உங்கள் வீட்டு மெஷின் கண்டுபிடித்திருக்கிறது. தவிர, அவற்றுக்கு இன்னொரு உபயோகம் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

ஒண்ணுமே வரலை. வெறும் கோப்பை எதுக்கு அனுப்பணும்? ‘முடிஞ்சது’ன்னு ஒரு மெசேஜ் போட்டா போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

தேடல் தொடங்கிய மூன்றாம் மாதம். 61-ஆம் பங்கை எடுத்தவர் ‘முடிஞ்சது சார், ஒண்ணும் இல்ல’ என்று எழுதினார். நானும் நோட்டில் டிக் போட்டேன். என் நோட்டு, பச்சைத் தேயிலைக் கணக்கு எழுதும் நீள நோட்டு: பங்கு எண், எடுத்தவர், எடுத்த தேதி, வந்த தேதி, கோப்பு வந்ததா என்று கட்டம் கட்டி வைத்திருந்தேன். கடைசிக் கட்டம் காலியாகவே இருந்தது. இரண்டு மாதம் கழித்து அது கண்ணில் பட்டுக் கேட்டால், அவர் லேப்டாப்பை ஃபார்மேட் அடித்துவிட்டார். நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. ஆனால் முடிந்தது பங்கின் முதல் பாதியா, முழுசா என்று அவருக்கே நினைவில்லை. மறுபடி முதலிலிருந்து ஓட்டினோம்.

யோசித்துப் பாருங்கள், நாம் தேடுவது 38 லட்சத்தில் ஒன்று. மீதி எல்லாமே ‘இல்லை’ என்ற பதில்தான். ஒரு இடத்தில் ‘இல்லை’ என்று உறுதியாகத் தெரியாவிட்டால், கடைசியில் ஒன்றும் கிடைக்காதபோது அது அங்கேதான் இருந்திருக்குமோ என்ற அரிப்பு போகாது. வெறும் கோப்பு என்று நீங்கள் சொல்வதில் பத்தாயிரம் வரிகள் இருக்கின்றன. ஒவ்வொரு வரியின் முடிவிலும், அந்தச் சோதனைக் கணக்கின் முடிவில் மிஞ்சிய மீதியின் கடைசித் துண்டு, பதினாறு எழுத்துகளில். அந்தப் பதினாறு எழுத்துதான் எனக்கு ரசீது.

கம்ப்யூட்டராச்சே, தப்பாவா கணக்குப் போடும்?

போடும். 1994-இல் தாமஸ் நைஸ்லி என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் இதே இரட்டைகளை வைத்துத்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். எல்லா இரட்டைகளின் தலைகீழ்களையும் (3-க்கு 1/3, 5-க்கு 1/5 என்கிற மாதிரி) கூட்டினால் தொகை ஒரு எல்லையைத் தாண்டாது என்று 1919-இல் விகோ ப்ரூன் என்ற கணிதர் காட்டியிருந்தார். அந்த எல்லை சுமார் 1.902 என்பது பிற்பாடு வந்த மதிப்பீடு. அந்தத் தொகையை நுட்பமாகக் கணக்கிடும்போது 824633702441, 824633702443 என்ற ஜோடியின் தலைகீழ்கள் தப்பாக வந்தன. தோண்டிப் பார்த்தால் இன்டெல் பென்டியம் சிப்பிலேயே வகுத்தல் பிழை. சிப்பை மாற்றிக் கொடுக்கப் பல கோடி டாலர் ஆனது.

நம் ஊர் காரணங்கள் இன்னும் எளிமையானவை. கேத்தி பக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து வந்த மீதிகள், மறுசோதனையில் அங்கங்கே ஒத்துப்போகவில்லை. நேரில் போய்ப் பார்த்தேன். லேப்டாப்பின் சூடான காற்று வரும் ஓரத்தில் பாட்டி கம்பளித் தொப்பியைக் காயப் போட்டிருந்தார். ‘நல்லா காயுதுப்பா’ என்றார். அதில் தப்பு சொல்ல முடியாது, ஜூலை மாதத்தில் வேறு எங்கே காயும்? தொப்பியை எடுத்ததும் மீதிகள் சரியாகிவிட்டன. ‘குளிர் ஊர்தானே, மெஷின் சூடாகாது’ என்று நம்பியிருந்தது என் தப்பு.

யாராவது ஓட்டாமலே ஓட்டினேன்னு சொன்னா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

இரண்டு வழி. ஒவ்வொரு பங்கிலும் சில நூறு பெருக்கிகளை வேறொருவர் பங்கிலும் சொல்லாமல் சேர்த்துவிடுகிறேன். இரண்டு பேரின் பதினாறு எழுத்தும் ஒத்துப்போக வேண்டும், கற்பனையாக எழுதி ஒத்துப்போக வாய்ப்பே இல்லை.

இரண்டாவது, ஒற்றைகள். பங்குக்குச் சராசரி ஐந்து என்றேன். மூன்று வரலாம், ஒன்பது வரலாம். பூஜ்யம் வருவது நூற்றைம்பது, இருநூறு பங்கில் ஒன்று இருந்தால் உண்டு. ஒரே மெஷினிலிருந்து அடுத்தடுத்து இரண்டு பூஜ்யம் வந்தால் உடனே போன் போடுவேன். திருட்டு என்று நினைத்து அல்ல. இதுவரை எல்லாமே தொப்பி மாதிரிக் கதைகள்தான்.

ஒரே பங்கு ரெண்டு பேருக்குப் போயிடாதா? எடுத்துட்டு அப்படியே விட்டா?

எல்லையில்தான் குழப்பம் வரும். ‘40 கோடியிலிருந்து 42 கோடி’ என்றால் தொடக்கம் உங்களுடையது, முடிவு அடுத்தவருடையது. முப்பது நாளில் கோப்பு வராவிட்டால் பங்கை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவேன். பரீட்சை, கல்யாணம், மண்சரிவு, எதுவானாலும் விளக்கம் தேவையில்லை. ‘தம்பி என்னை நம்பலையா’ என்று ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டார். நம்பிக்கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை ஐயா, 61-ஆம் பங்கைப் படியுங்கள்.

380 பங்கும் முடிஞ்சு, ஒண்ணுமே கிடைக்கலைன்னா?

நடக்கலாம். ‘38 லட்சத்தில் ஒன்று’ என்பது சராசரி. 38 லட்சம் சோதித்தால் ஒன்று கட்டாயம் என்று அர்த்தமில்லை. அவ்வளவும் முடித்துவிட்டு வெறுங்கையோடு நிற்க 37 சதவீத வாய்ப்பு இருக்கிறது. மூன்று மடங்கு தேடினால் அது 5 சதவீதமாகும். அதேபோல் இரண்டு ஜோடி கிடைக்கவும் வாய்ப்பு உண்டு.

‘இவ்வளவு நாள் வரலை, இனிமேல் சீக்கிரம் வரும்’ என்பதும் தப்பு. எண்களுக்கு நாம் காத்திருந்தது தெரியாது. மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு பெருக்கிக்கும் அதே வாய்ப்புதான். 820 கோடிக்கு மேலே சலிக்கும் வேலை குன்னூரில் ஒரு மெஷினில் இப்போதே ஓடிக்கொண்டிருக்கிறது.

உண்மையிலேயே ரெண்டு பக்கமும் பகா எண்ணுன்னு வந்துட்டா முதல்ல என்ன பண்ணணும்? பேர் யாருக்கு?

மெஷினை அணைக்காதீர்கள். கோப்பை இரண்டு இடத்தில் நகல் எடுங்கள். எந்த குரூப்பிலும் போடாமல் என்னிடம் மட்டும் சொல்லுங்கள். வேறு மெஷினில் இரண்டு பக்கத்தையும் மறுபடி சோதித்து, அதன் பிறகுதான் வெளியே சொல்வோம். பேர், எந்த மெஷினில் வந்ததோ அந்த வீட்டுக்காரருக்கு. சலித்தவர்கள், மறுசோதனை செய்தவர் பேர்கள் அதன் கீழே. இதை ஆரம்பத்திலேயே எல்லோரும் ஒப்புக்கொண்டு எழுதி வைத்துவிட்டோம். கிடைத்த பிறகு பேச ஆரம்பித்தால் பங்காளிச் சண்டை ஆகிவிடும்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒற்றைக்காகக் கூப்பிட வேண்டாம். இரட்டை என்றால் எத்தனை மணியானாலும் கூப்பிடுங்கள்.